‘தெரியாது’ என்ற பதில் யாருக்குச் செல்லும்?

துப்பாக்கி வழக்கில் ‘சட்டம் தெரியாது’ என்று சொல்லித் தப்ப முடியாது. காவல் நிலையத்தில் எடுபடாது. மாஜிஸ்திரேட் முன் எடுபடாது. உச்ச நீதிமன்றத்திலும் எடுபடாது. இந்த விதியோடு நமக்குச் சண்டை இல்லை. ஆயுதம் கட்டுக்குள் இருக்க இப்படி ஒரு விதி வேண்டும்.

நமது கண்டனம் இந்த விதியை நடத்துகிறவர்கள் மீது. துப்பாக்கியைத் தோளில் மாட்டியவர் மீது இது முழு வேகத்தில் பாய்கிறது. மாட்டிவிட்ட ஏஜென்சிக்காரரின் வாசலுக்கு வந்ததும் நின்றுவிடுகிறது. அந்த ஏஜென்சிக்குப் பணம் கொடுத்த ஆலையின் வாசலுக்கு அது வருவதே இல்லை. உரிமத்தில் கையெழுத்திட்ட அதிகாரியின் மேசையை அது தொடுவதே இல்லை. கீழே இருப்பவர் ‘தெரியாது’ என்றால் அது குற்ற ஒப்புதல். மேலே இருப்பவர் அதே சொல்லைச் சொன்னால் அது விடுதலைப் பத்திரம். இந்த அநீதி இத்தோடு நிற்க வேண்டும்.

கடம்பத்தூரிலிருந்து இதை எழுதுகிறோம். சென்னை–அரக்கோணம் ரயில் பாதையில் திருவள்ளூரைத் தாண்டி வரும் ஊர் இது. தெற்கே மப்பேடு வழியாகப் போனால் ஸ்ரீபெரும்புதூர் ஆலைகள். மாவட்டத்தின் மறுகோடியில் கும்மிடிப்பூண்டி சிப்காட். பழைய இரும்பை உருக்கும் உலைகள், உருட்டாலைகள், வார்ப்படப் பட்டறைகள். மப்பேட்டில் பெரிய சரக்குப் பூங்காவுக்கு 2022 மே மாதம் அடிக்கல் நாட்டினார்கள். அதைக் கடம்பத்தூரோடு இணைக்கும் ரயில் பாதையும் திட்டத்தில் உண்டு. கன்டெய்னரும் கிடங்கும் வரும். அவற்றோடு காவலும் வரும். காவலோடு துப்பாக்கியும் வரும்.

ஆகவே இது ஏதோ வடநாட்டுப் பிரச்சினை அல்ல. நம் வாசல் பிரச்சினை.

முதலில் சட்டத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுவோம். சொல்ல வேண்டியவர்கள் சொல்லவில்லை.

1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், மூன்றாம் பிரிவு: உரிமம் இல்லாமல் எவரும் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது. தாத்தா காலத்து நாட்டுத் துப்பாக்கியாக இருந்தாலும் இதுதான் விதி. 2019 டிசம்பரில் இந்தச் சட்டம் திருத்தப்பட்டது. உரிமம் இல்லாமல் சாதாரணத் துப்பாக்கி வைத்திருந்தால் முன்பு குறைந்தது ஓராண்டு, அதிகபட்சம் மூன்றாண்டு சிறை. இப்போது குறைந்தது இரண்டாண்டு, அதிகபட்சம் ஐந்தாண்டு. சிறப்புக் காரணத்தைத் தீர்ப்பில் எழுதினால் ஒழிய நீதிபதி அதற்குக் கீழே இறங்க முடியாது. தடைசெய்யப்பட்ட ரகத் துப்பாக்கி என்றால் ஏழு ஆண்டில் தொடங்கிப் பதினான்கு ஆண்டு வரை. உரிமம் உள்ளவரும் மூன்று துப்பாக்கி வைத்திருந்த காலம் போயிற்று; இரண்டுதான். கல்யாண ஊர்வலத்தில் கொண்டாட்டத்துக்காகச் சுட்டால் அதற்கும் இரண்டாண்டு வரை சிறை உண்டு.

இவ்வளவு கடுமையாகத் திருத்திய சட்டம் எத்தனை ஆலை வாசலில் எழுதி வைக்கப்பட்டிருக்கிறது? எத்தனை தொழிலாளர் விடுதிகளில் வாசித்துக் காட்டப்பட்டது? தண்டனையை இரட்டிப்பாக்கும் அரசு, அறிவிக்கும் கடமையையும் இரட்டிப்பாக்கியிருக்க வேண்டும். செய்யவில்லை.

‘தெரியாது’ என்பதில் இரண்டு வகை உண்டு. பையில் துப்பாக்கி இருப்பதே தெரியாது என்பது ஒன்று. துப்பாக்கி இருப்பது தெரியும், அதற்கு உரிமம் வேண்டும் என்பது தெரியாது என்பது இன்னொன்று. முதலாவதைச் சட்டம் ஏற்கும். இரண்டாவதை ஏற்காது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 76, 79-ஆம் பிரிவுகள் இதைத்தான் சொன்னன. இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவின் 14, 17-ஆம் பிரிவுகளும் இதையே சொல்கின்றன. நிகழ்வைப் பற்றிய தவறான நம்பிக்கைக்கு மன்னிப்பு உண்டு. சட்டத்தைப் பற்றிய அறியாமைக்கு இல்லை.

ஆயுதச் சட்டத்தில் ‘வைத்திருத்தல்’ என்றால் அறிந்து வைத்திருத்தல். 1972-இல் குன்வந்த்லால் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைச் சொன்னது. 1994-இல் சஞ்சய் தத் வழக்கில் அரசியல் சாசன அமர்வு உறுதி செய்தது. விமான நிலையத்தில் பைக்குள் ஒற்றைத் தோட்டா அகப்பட்டு, அது கிடந்ததே பயணிக்குத் தெரியாது என்று நிலைநாட்டப்பட்ட வழக்குகளை டெல்லி உயர் நீதிமன்றம் பலமுறை ரத்து செய்திருக்கிறது. இதெல்லாம் நிலைபெற்ற சட்டம். புலனாய்வு செய்யும் ஒவ்வோர் ஆய்வாளருக்கும் தெரிந்திருக்க வேண்டிய சட்டம்.

தெரிந்துமா இப்படி நடக்கிறது?

கும்மிடிப்பூண்டியில் ஓர் அறையில் பத்துப் பேர் தங்குகிறார்கள். பகல் ஷிப்டுக்காரர் எழுந்த பாயில் இரவு ஷிப்டுக்காரர் படுக்கிறார். பிகார், ஒடிசா, ஜார்க்கண்ட், உத்தரப் பிரதேசம் என்று ஊர் ஊராக வந்தவர்கள். அடுத்தவர் பெட்டியில் என்ன இருக்கிறது என்று யாரும் திறந்து பார்ப்பதில்லை. அந்த அறையில் ஒரு கள்ளத் துப்பாக்கி சிக்கினால் என்ன செய்ய வேண்டும் என்று ஆயுதச் சட்டத்தின் 35-ஆம் பிரிவு சொல்கிறது. பலர் சேர்ந்து தங்கும் இடத்தில் ஆயுதம் கிடைத்தால், அது இருப்பதை அறிந்திருந்தார் என்று நம்பக் காரணம் உள்ளவர் மட்டுமே பொறுப்பாளி. அந்தக் ‘காரணம்’ எழுத்தில் இருக்க வேண்டும். ஆளுக்கு ஆள் இருக்க வேண்டும். அறையில் இருந்தார் என்பது மட்டும் காரணமாகாது. மொழி தெரியாதவர் என்பதும் வெளிமாநிலத்தவர் என்பதும் ஒருக்காலும் காரணமாகாது.

இதைப் பார்த்துத் தடுக்க ஓர் அதிகாரியைச் சட்டமே நியமித்திருக்கிறது. 39-ஆம் பிரிவின்படி, மூன்றாம் பிரிவை மீறியதாக ஒருவர் மீது வழக்கு நடத்த மாவட்ட மாஜிஸ்திரேட்டின், அதாவது ஆட்சியரின், முன் அனுமதி வேண்டும். நாடாளுமன்றம் இதைச் சடங்காக வைக்கவில்லை. கோப்பைப் படித்து, சாட்சியத்தை எடைபோட்டு, இவர் மீது வழக்கு நிற்குமா என்று யோசித்துக் கையெழுத்திட வேண்டும் என்றுதான் வைத்தது. அச்சடித்த படிவத்தில் பெயரை மட்டும் மாற்றி அனுப்பும் அனுமதி அனுமதியே அல்ல. இது கடமை தவறுதல். ஆட்சியர் அலுவலகம் பதில் சொல்ல வேண்டிய முதல் இடம் இது.

அடுத்து, மேலே இருப்பவர்கள்.

2013 அக்டோபர் 12. ‘சீமேன் கார்டு ஓகையோ’ என்ற கப்பலைக் கடலோரக் காவல் படை மறித்துத் தூத்துக்குடி துறைமுகத்துக்குக் கொண்டுவந்தது. சியரா லியோன் கொடி. அமெரிக்காவின் அட்வான்ஃபோர்ட் நிறுவனத்தின் கப்பல். கடற்கொள்ளையரிடமிருந்து வணிகக் கப்பல்களைக் காக்கும் தொழில். உள்ளே மாலுமிகள் 10 பேர், ஆயுதக் காவலர்கள் 25 பேர். பிரிட்டிஷார் 6, எஸ்தோனியர் 14, உக்ரைனியர் 3, இந்தியர் 12. துப்பாக்கிகள் 35. தோட்டாக்கள் 5,600-க்கு மேல். இந்தியாவில் செல்லும் உரிமம் இல்லை.

காவல்துறையின் கியூ பிரிவு வழக்குப் போட்டது. 2014 ஜூலையில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஆயுத வழக்கை ரத்து செய்தது. 2015 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதை மீட்டு விசாரணைக்கு அனுப்பியது. 2016 ஜனவரி 11 அன்று தூத்துக்குடி நீதிமன்றம் 35 பேருக்கும் ஐந்தாண்டுக் கடுங்காவல் விதித்தது. 2017 நவம்பர் 27 அன்று மதுரைக் கிளை 35 பேரையும் விடுதலை செய்தது. அவர்களில் பலர் அதுவரை கிடந்தது புழல் சிறையில். அன்று புழல் நம் திருவள்ளூர் மாவட்டத்துக்குள்தான் இருந்தது.

நான்காண்டு போயிற்று. குடும்பங்கள் கடலுக்கு அப்பால் நின்று கதறின. அந்த 35 பேரில் முதலாளி ஒருவர்கூட இல்லை. எந்தத் துறைமுகத்தில் எந்த ஆவணம் வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டியவர் மாதச் சம்பளக் காவலர் அல்ல. கப்பலை ஏவிய நிறுவனம். ஆவணத்தைத் தயார் செய்யாதது நிறுவனம். சிறைக்குப் போனது சமையல்காரர் வரை கப்பலில் இருந்த அத்தனை பேரும்.

இந்த வழக்கிலிருந்து தமிழ்நாட்டு உள்துறை என்ன கற்றது? ஒன்றும் கற்கவில்லை.

தரையிலும் அதே கதை நடந்திருக்கிறது. ஜம்மு-காஷ்மீரில் 2012 முதல் 2016 வரை தகுதியில்லாதவர்களுக்கு அள்ளிக் கொடுத்த துப்பாக்கி உரிமங்கள் ஏறத்தாழ 2 லட்சத்து 78 ஆயிரம் என்று சிபிஐ சொன்னது. 2020-இல் அங்கே ஆட்சியர்களாக இருந்த இருவரையே கைது செய்தது. அப்படிப்பட்ட காகிதங்களோடு ஆட்கள் நாடு முழுவதும் காவல் வேலைக்குப் போனார்கள். 2021 செப்டம்பரில் திருவனந்தபுரத்தில் காஷ்மீரிலிருந்து வந்து பண வண்டிக்குக் காவல் நின்ற ஐந்து பேர் போலி உரிமத்தோடு பிடிபட்டார்கள். கொச்சியிலும் பலர் பிடிபட்டார்கள். கேரளம் விழித்தது. அதே ஏஜென்சி முறை, அதே பண வண்டி, அதே இரட்டைக் குழல் துப்பாக்கி இங்கேயும் உண்டு. திருவள்ளூர் விழித்ததா?

அப்படி ஒரு காவலரின் நிலையை நினைத்துப் பாருங்கள். தரகரிடம் பணம் கொடுத்தார். தரகர் முத்திரை குத்திய புத்தகம் ஒன்றைக் கொடுத்தார். ஏஜென்சி அதை வாங்கிப் பார்த்து வேலையில் சேர்த்தது. ‘ஆளும் துப்பாக்கியும் சேர்த்து’ என்று மாதச் சம்பளம் பேசியது. வங்கியோ ஆலையோ ஏஜென்சிக்குப் பணம் கொடுத்தது. பிடிபட்ட அன்று தரகர் இல்லை. ஏஜென்சி முதலாளி, உரிமம் போலி என்று தனக்குத் தெரியாது என்றார். அவர் சொல்லை ஏற்றார்கள். காவலரும் அதையேதான் சொன்னார். அவர் சொல்லை ஏற்கவில்லை.

முதலாளிக்குத் தெரியாதா? ஒவ்வோர் உரிமத்துக்கும் தனி அடையாள எண் உண்டு. உரிமங்களுக்கென்று தேசியத் தரவுத்தளம் உண்டு. உரிமத்தின் நகலோடு காவல் நிலையத்துக்கு ஒரு கடிதம் எழுதினால் உண்மை தெரிந்துவிடும். ஏஜென்சிக்காரர் எழுதவில்லை. ஆலையின் மனிதவளத் துறை கேட்கவில்லை. கேட்காமல் இருந்தது அறியாமை அல்ல. கேட்டால் ஆள் செலவு கூடும் என்பதால் கேட்கவில்லை. வேண்டுமென்றே கண்ணை மூடிக்கொண்டவர், பார்க்கவில்லை என்று பிறகு சொல்லக் கூடாது.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. ஆயுதச் சட்டத்தின் 33-ஆம் பிரிவை யாராவது புரட்டிப் பார்த்தார்களா? குற்றம் செய்தது ஒரு நிறுவனம் என்றால், அதன் நடப்புக்குப் பொறுப்பாக இருந்த ஒவ்வொருவரும் குற்றவாளியாகவே கருதப்படுவார். ‘எனக்குத் தெரியாமல் நடந்தது’ என்று சொன்னால் மட்டும் போதாது. தடுக்க வேண்டிய அக்கறை முழுவதையும் எடுத்தேன் என்று அவரே நிரூபிக்க வேண்டும். சுமை அவர் தலையில். 29-ஆம் பிரிவு இன்னும் நேராகப் பேசுகிறது: ஆயுதத்தைப் பெறுகிறவர் அதை வைத்திருக்கத் தகுதியுள்ளவரா என்று முன்கூட்டி உறுதி செய்யாமல் அவர் கையில் கொடுப்பதே குற்றம். விசாரிக்காமல் இருப்பதே குற்றம்.

இந்த இரண்டு பிரிவுகளும் சட்டப் புத்தகத்தில் உறங்குகின்றன. ஆயுதம் வைத்திருந்தவரைத் தண்டிக்கும் 25-ஆம் பிரிவு மட்டும் இரவும் பகலும் உழைக்கிறது. உறங்க வைத்தவர்கள் பதில் சொல்ல வேண்டும்.

இன்னொரு கணக்கையும் வாசகர் பார்க்க வேண்டும். தனியார் பாதுகாப்பு நிறுவனங்களை ஒழுங்குபடுத்த 2005-இல் தனிச் சட்டம் வந்தது. உரிமம் இல்லாமல் ஏஜென்சி நடத்தக் கூடாது. காவலருக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும். அவர் பின்னணியைச் சரிபார்க்க வேண்டும். உரிமமே இல்லாமல் ஏஜென்சி நடத்தியவருக்கு என்ன தண்டனை? அதிகபட்சம் ஓராண்டு சிறை, அல்லது 25,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அந்த ஏஜென்சி உரிமமில்லாத துப்பாக்கியைக் கொடுத்து நிறுத்திய காவலருக்கு? குறைந்தபட்சம் இரண்டாண்டு சிறை. முதலாளியின் அதிகபட்சம் தொழிலாளியின் குறைந்தபட்சத்தில் பாதி. இப்படி எழுதப்பட்ட சட்டத்தை அவசரமாகத் திருத்த வேண்டும். அதுவரை 33-ஆம் பிரிவைத் தட்டி எழுப்ப யார் தடுக்கிறார்கள்?

இந்த மாவட்டத்துக்கு ஒருமுறை பெரிய எச்சரிக்கை வந்தது. 2006 செப்டம்பரில் ஆந்திரப் போலீஸ் மகபூப்நகர், பிரகாசம் மாவட்டங்களில் நூற்றுக்கணக்கான ராக்கெட் குண்டுகளையும் அவற்றை ஏவும் குழாய்களையும் பிடித்தது. மாவோயிஸ்டுகளுக்காகச் செய்தவை. செய்த இடம் அன்றைய திருவள்ளூர் மாவட்டத்தின் அம்பத்தூர். பாகம் பாகமாகப் பிரித்துப் பட்டறைகளுக்கு ஆர்டர் கொடுத்து, செய்து வாங்கி, லாரி பார்சலில் அனுப்பிவிட்டார்கள். கடைசல் பிடித்தவருக்கு எதைக் கடைகிறோம் என்று தெரியாது. வார்த்தவருக்கு எதை வார்க்கிறோம் என்று தெரியாது. லாரிக்காரருக்கு எதை ஏற்றினோம் என்று தெரியாது. இத்தனை பேருக்குத் தெரியாமல் ஒரு ஆயுதத் தொழிற்சாலையே நடந்தது.

பட்டறைத் தொழிலாளியை இதற்கு நாம் குறை சொல்ல மாட்டோம். வரைபடம் வருகிறது, அளவு வருகிறது, அவர் செய்கிறார். கேட்க வேண்டியவர் ஆர்டரை ஏற்றவர். இந்தக் குழாய் எதற்கு, யார் வாங்குகிறார், முகவரி எங்கே என்று அவர் கேட்டிருக்க வேண்டும். தொழிற்பேட்டையில் ரோந்து போகும் காவல்துறை கேட்கச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். அதற்குப் பிறகாவது அம்பத்தூரிலும் கும்மிடிப்பூண்டியிலும் பட்டறை உரிமையாளர்களை ஆண்டுதோறும் அழைத்து உட்கார வைத்து, எந்தப் பாகம் ஆயுதப் பாகம், சந்தேகம் வந்தால் யாருக்குத் தகவல் கொடுப்பது என்று சொல்லியிருக்க வேண்டும்.

பழைய இரும்புக்கும் இதே பேச்சு பொருந்தும். 2004 செப்டம்பர் 30 அன்று காசியாபாத் அருகே சாகிபாபாத்தில் பூஷண் ஸ்டீல் ஆலையில் இறக்குமதி இரும்புக்குள் கிடந்த குண்டு வெடித்துப் பத்துத் தொழிலாளர்கள் செத்தார்கள். போர் நடந்த நாட்டுக் கழிவோடு கப்பல் ஏறி வந்த வெடிகுண்டு. அதன் பிறகுதான் கப்பலில் ஏற்றும் முன் சோதனைச் சான்று வேண்டும், குறிப்பிட்ட துறைமுகங்கள் வழியாக மட்டுமே வரலாம் என்று விதிகள் வந்தன. சென்னையும் எண்ணூரும் அந்தத் துறைமுகங்களில் அடக்கம். அங்கே இறங்கும் இரும்புக்குக் கும்மிடிப்பூண்டி உலைகள் கூப்பிடு தூரம். முற்றத்தில் குவித்த இரும்பை வெறுங்கையால் பிரிக்கும் தொழிலாளி ஒரு தோட்டாவைக் கண்டால் என்ன செய்ய வேண்டும்? தொடாதே, விலகு, மேற்பார்வையாளரைக் கூப்பிடு என்று அவருக்குச் சொல்லப்பட்டிருக்க வேண்டும். அவர் மொழியில் சொல்லப்பட்டிருக்க வேண்டும். சொல்லாமல் விட்டுவிட்டு, அவர் சட்டைப் பையில் அந்தத் தோட்டா அகப்பட்டால் ஆயுத வழக்கா?

ஒருவருக்குத் தெரிவிக்காத சட்டத்தை அவர் மீது ஏவலாமா என்ற கேள்வி பழையது. 1962 நவம்பரில் சூரிச்சிலிருந்து மணிலா போகும் விமானப் பயணி ஒருவர் வழியில் மும்பையில் பிடிபட்டார். உடம்பில் 34 கிலோ தங்கம். அவர் புறப்படுவதற்குச் சில நாள் முன்னால்தான் ரிசர்வ் வங்கியின் புதிய கட்டுப்பாடு அரசிதழில் வெளியாகியிருந்தது. தனக்குத் தெரிய வழியில்லை என்றார். 1964-இல் உச்ச நீதிமன்றம், அரசிதழில் வந்தது போதும், அது வெளிநாட்டவருக்குத் தெரிந்திருந்ததா என்று பார்க்க வேண்டியதில்லை என்று பெரும்பான்மையாகச் சொல்லி அவரைக் குற்றவாளி என்று தீர்த்தது. நீதிபதி சுப்பா ராவ் மாறுபட்டார். ஆனால் பெரும்பான்மையும் ஒன்று செய்தது. அவர் ஏற்கனவே அனுபவித்த சிறைக் காலமே போதும் என்று தண்டனையைக் குறைத்தது. விதியைத் தளர்த்தாமல் மனிதரைப் பார்த்தார்கள்.

அமெரிக்காவில் 2019-இல் ரெஹைஃப் வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் இன்னும் ஒருபடி முன்னே போனது. மாணவர் விசா காலாவதியான ஒருவர் சுடும் பயிற்சிக் கூடத்தில் துப்பாக்கியைக் கையில் எடுத்தார். துப்பாக்கி வைத்திருந்தது தெரியும் என்று காட்டினால் மட்டும் போதாது, தான் தடைசெய்யப்பட்ட வகையினர் என்பதும் அவருக்குத் தெரியும் என்று அரசு நிரூபிக்க வேண்டும் என்றது. துப்பாக்கி உரிமையைக் கோயிலாகக் கும்பிடும் நாடு அது. அந்த வழி நமக்கு வேண்டாம். ஆனால் அறிந்தாரா என்ற கேள்வியை விசாரணையின் முதல் கேள்வியாக அங்கே வைக்கிறார்கள். இங்கே கடைசிக் கேள்வியாகக்கூட வைப்பதில்லை.

செய்ய மனம் இருந்தால் வழி உண்டு. கிருஷ்ணகிரி, தருமபுரி மலையோரக் கிராமங்களில் போலீசாரும் வனத்துறையும் ஊர் ஊராகப் போய்ப் பேசியிருக்கிறார்கள். தாமாக ஒப்படைத்தால் வழக்கு இல்லை என்று சொன்னார்கள். நாட்டுத் துப்பாக்கிகள் வந்து சேர்ந்தன. காட்டோரத்தில் செய்ய முடிந்ததைச் சாலையும் ரயிலும் உள்ள தொழிற்பேட்டையில் செய்ய முடியாதா? ஆயுதச் சட்டத்தின் 21-ஆம் பிரிவும், வைத்திருக்கும் உரிமை முடிந்துபோன ஆயுதத்தைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வழி கொடுத்திருக்கிறது. அந்த வழி இருப்பதை யார் சொன்னார்கள்?

ஆகவே எங்கள் கோரிக்கை மாவட்ட ஆட்சியரிடமும் காவல் கண்காணிப்பாளரிடமும் தொடங்குகிறது. திருவள்ளூர் மாவட்டத்தில் ஆலை வாசலிலும் பண வண்டியிலும் கிடங்கிலும் துப்பாக்கியோடு நிற்கும் ஒவ்வொரு காவலரின் உரிமத்தையும் மூன்று மாதத்துக்குள் தேசியத் தரவுத்தளத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தற்காப்புக்கு என்று வாங்கிய உரிமத்தை வைத்து யார் கூலிக் காவல் நிற்கிறார்கள் என்று பிரித்தெடுங்கள். போலி என்று தெரியாமல் வைத்திருந்த காவலர் தாமாக வந்து ஒப்படைக்க நாள் கொடுங்கள். ஏஜென்சிக்கு நாள் கொடுக்க வேண்டாம். அது கேட்டிருக்க வேண்டிய நாள் கடந்துவிட்டது. கணக்கை முடித்து எண்களைப் பொதுவில் வையுங்கள்.

ஆலை நிர்வாகங்களுக்கும் சொல்கிறோம். ‘அவர் கான்ட்ராக்டர் ஆள்’ என்ற பேச்சை விடுங்கள். உங்கள் வாசலில், உங்கள் பொருளுக்காக, உங்கள் பணத்தில் நிற்கும் துப்பாக்கிக்கு நீங்கள் பொறுப்பு. ஏஜென்சியின் உரிமத்தையும் காவலரின் உரிமத்தையும் வாங்கிச் சரிபார்த்த பிறகே வாசலில் நிறுத்துங்கள். சரிபார்த்த கடிதத்தைக் கோப்பில் வையுங்கள். கடிதம் இல்லாத ஆலைக்கு 33-ஆம் பிரிவின் நோட்டீஸ் வரட்டும்.

சிப்காட் நிர்வாகமும் தொழிற்சாலைகள் பாதுகாப்புத் துறையும் ஆயுதச் சட்டத்தின் சுருக்கத்தைத் தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும் வங்காளத்திலும் தொழிலாளர் விடுதிகளில் ஒட்டட்டும். வாசிக்கத் தெரியாதவருக்கு வேலையில் சேரும் நாளில் வாயால் சொல்லட்டும். இதற்கு நிதி ஒதுக்கீடு தேவையில்லை. அரசாணைக்காகவும் காத்திருக்க வேண்டாம்.

மாநில உள்துறையிடம் ஒரு சுற்றறிக்கை கேட்கிறோம். துப்பாக்கி வழக்கின் ஒவ்வொரு குற்றப்பத்திரிகையிலும் மூன்று கேள்விக்குப் பதில் இருக்க வேண்டும். ஆயுதம் இருப்பது இவருக்குத் தெரியும் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? இது இவர் கைக்கு யார் மூலம் வந்தது? அதைக் கொடுத்தவர் இவர் தகுதியை விசாரித்தாரா? இந்த மூன்றுக்கும் பதில் இல்லாத கோப்பில் ஆட்சியர் 39-ஆம் பிரிவு அனுமதியைக் கையெழுத்திடக் கூடாது. திருப்பி அனுப்ப வேண்டும்.

திருவள்ளூரிலும் கும்மிடிப்பூண்டியிலும் அடுத்துப் பதிவாகும் துப்பாக்கி வழக்கை நாம் கவனிப்போம். குற்றப்பத்திரிகையில் துப்பாக்கி வைத்திருந்தவர் பெயருக்கு அடுத்து அவரை வேலைக்கு வைத்தவர் பெயரும், அவருக்குத் துப்பாக்கி கொடுத்தவர் பெயரும் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஏன் இல்லை என்பதை ஆட்சியர் எழுத்தில் சொல்ல வேண்டும்.